சிஸ், உஜமானி, ஷ்வெஷ்வெ: ஒரே துணிக்கு ஏன் இத்தனை பெயர்?

கேட்டவர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் ஒரு தாயார். மகளுக்கு ஈஸ்டர்ன் கேப் மாகாணத்துப் பக்கம் கோசா இனக் குடும்பம் ஒன்றில் சம்பந்தம் ஆகியிருக்கிறது. கல்யாணம் முடிந்து மருமகள் வீட்டுக்குள் வரும்போது 'உஜமானி' உடுத்தி வரவேண்டும் என்று சம்பந்தி அம்மாள் சொல்லி அனுப்பியிருக்கிறார். கிரே ஸ்ட்ரீட் துணிக்கடையில் போய்க் கேட்டால், "அது ஷ்வெஷ்வெதான்" என்று மூன்று விலையில் மூன்று துணியை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்கான்ஸ் பேசும் பக்கத்து வீட்டுப் பாட்டியோ அதை 'டெய்ட்ஸ சிஸ்' என்கிறாராம். எல்லாம் ஒன்றா, எதை வாங்குவது, எத்தனை மீட்டர் வேண்டும், மிஞ்சியதில் சேலைக்கு ஜாக்கெட் தைக்கலாமா என்பதுதான் கேள்வி.

எல்லாம் ஒன்றுதான். ஆனால் கடையில் எடுத்துப் போட்ட மூன்றும் ஒன்றாக இருந்திருக்காது. 'ஷ்வெஷ்வெ' என்ற சொல் இப்போது மூன்று பொருளில் வழங்குகிறது. முதலாவது ஒரு குறிப்பிட்ட துணி: முழுப் பருத்தி, சாயம் தோய்த்தபின் சாயத்தை எடுத்துப் பூ விழவைத்தது, கஞ்சி ஏறியது. இரண்டாவது, அந்தத் துணியில் வரும் பொடிப்பொடியான புள்ளி, கட்டம், மாங்காய், சூரியக் கதிர் போன்ற பூவேலைப் பாணி. பாலியெஸ்டர் கலந்த துணியில் அதே பூவை அச்சடித்தாலும் ஷ்வெஷ்வெ என்றே விற்கிறார்கள். மூன்றாவது, அதில் தைத்த நீளப் பாவாடையும் பொருத்தமான மேல்சட்டையும் சேர்ந்த உடை. லெசோத்தோவில் 'செஷ்வெஷ்வெ' என்றாலே பலருக்கு உடைதான் முதலில் நினைவுக்கு வரும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. இரண்டாவது பொருளில் பேசியிருக்கிறார். சம்பந்தி அம்மாள் கேட்டது முதலாவதையும் மூன்றாவதையும். ஆகவே பெயரைச் சொல்லி வாங்காமல் துணியைப் பார்த்து வாங்க வேண்டும். அது எப்படி என்று பிறகு சொல்கிறேன். பெயர்களை முதலில் பார்த்துவிடலாம். அவற்றில் ஒன்று நம் வீட்டுச் சொல்.

ஷ்வெஷ்வெ என்பது பசோத்தோ மக்களின் அரசர் முதலாம் மொஷ்வெஷ்வெயின் பெயரிலிருந்து வந்தது. பிரெஞ்சு புராட்டஸ்டன்ட் மிஷனரிகள் 1833ல் அவருடைய நாட்டுக்கு, இன்றைய லெசோத்தோவுக்கு, வந்தார்கள். 1840களில் அவர்கள் அரசருக்கு நீலப் பூத்துணியைப் பரிசாகக் கொடுத்தார்கள் என்றும், அரசரைப் பார்த்து மக்களும் அதை விரும்பி உடுத்தத் தொடங்கினார்கள் என்றும் சொல்லப்படுகிறது. பெயரின் முன்னொட்டைக் கவனித்தால் இலக்கணம் புரியும். 'மொ' ஆளைக் குறிப்பது. 'செ' என்பது ஒரு கூட்டத்தாரின் மொழியையோ முறையையோ குறிப்பது. பசோத்தோ மக்களின் மொழிப் பெயரான செசோத்தோ என்பதில் வருவது அதே 'செ'. மொஷ்வெஷ்வெ அரசர் என்றால் செஷ்வெஷ்வெ அவருடைய முறையிலான உடை. ஜூலுவிலும் கோசாவிலும் அந்த இடத்தில் 'இசி' வருவதால் 'இசிஷ்வெஷ்வெ' ஆயிற்று. முன்னொட்டை உதறிவிட்டுக் கடைத்தெருவில் நின்றது வெறும் ஷ்வெஷ்வெ.

அரசருக்கே அது பிறவிப் பெயர் இல்லை. லெபொகோ என்பது இளமைப் பெயர். ரமொனஹெங் என்ற தலைவனின் மாடுகளை ஓட்டிவந்தபோது, அவனுடைய தாடியைச் சிரைத்து எடுத்ததுபோல ஒன்றுவிடாமல் கொண்டுவந்தேன் என்ற பொருளில், சவரக் கத்தியின் ஓசையைத் தம் பெயராக வைத்துக்கொண்டார். 'ஷ்வெ ஷ்வெ' கத்தி இழுபடும் சத்தம். கஞ்சி போட்ட பாவாடை நடக்கும்போது உரசும் சத்தத்தாலேயே துணிக்கு இந்தப் பெயர் வந்தது என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. நம் மொழியில் சலசல, சரசர என்பதுபோல. அரசர் வழி வந்த பெயர் என்பதே பரவலாக ஏற்கப்பட்டது. ஆனால் அந்தப் பெயரும் கடைசியில் ஓசையில்தான் போய் நிற்கிறது என்பதால் இரண்டு விளக்கமும் அவ்வளவு தூரத்தில் இல்லை.

உஜமானி என்பது 'ஜெர்மன்' என்ற சொல்லின் கோசா வடிவம். ஆங்கிலம் பேசுபவர்கள் 'ஜெர்மன் பிரிண்ட்' என்பதும் இதையே. 1858, 1859 வாக்கில் ஜெர்மானியக் குடியேறிகள் ஈஸ்டர்ன் கேப் பகுதிக்கு வந்தார்கள். அவர்கள் ஊரில் 'ப்ளௌட்ருக்' என்ற நீல அச்சுத்துணி அன்றாட உடை; இங்கே வந்தும் அதையே உடுத்தினார்கள். பக்கத்து ஊர்க் கோசாப் பெண்கள் அதைக் கண்டு தங்கள் தோல் உடைக்கும் காவி தோய்த்த துணிக்கும் பதிலாக ஏற்றுக்கொண்டார்கள். போட்ஸ்வானாவில் 'லெட்டெய்சி' என்பார்கள். அதுவும் 'ஜெர்மன்' என்பதற்கான டச்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஐரோப்பாவில் அந்த நீல அச்சுக் கலை முற்றிலும் போய்விடவில்லை. ஆஸ்திரியா, செக்கியா, ஜெர்மனி, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா ஆகிய ஐந்து நாடுகளின் பெயரில் 2018ல் யுனெஸ்கோ அதை மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

இனி டெய்ட்ஸ சிஸ். 'டெய்ட்ஸ' என்றால் ஜெர்மானிய. 'சிஸ்' என்றால்? டச்சு மொழியில் 'சிட்ஸ்' என்ற சொல்லின் ஆப்பிரிக்கான்ஸ் வடிவம் அது. சிட்ஸ் இந்தியாவிலிருந்து டச்சுக்காரர்கள் எடுத்துப் போன சொல். இந்தியில் 'சீண்ட்', 'சீட்' என்பார்கள், ஆங்கிலத்தில் 'சிண்ட்ஸ்' ஆயிற்று, தமிழில் சீட்டி. பாட்டி காலத்தில் 'சீட்டித் துணி', 'சீட்டிப் பாவாடை' என்று சொல்வார்களே, அதே சீட்டிதான். வாயால் அடிக்கும் சீட்டி வேறு சொல். இது பூ அச்சிட்ட பருத்தித் துணி. பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்ன பெயரை நம் மொழியில் திருப்பினால் 'ஜெர்மன் சீட்டி' என்றுதான் வரும்.

இது வெறும் சொல் ஒற்றுமை இல்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் 1613ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. சோழமண்டலக் கரையில் நெய்து, சாயவேரில் சிவப்பும் அவுரியில் நீலமும் ஏற்றிய துணிகள் அங்கிருந்து ஜாவாவுக்கும் ஹாலந்துக்கும் போயின. 1652ல் அதே கம்பெனி தென்னாப்பிரிக்காவின் கேப் முனையில் கப்பல்களுக்குத் தங்குதுறை அமைத்தது. கிழக்கிலிருந்து திரும்பும் கப்பல்கள் அங்கே நின்றுதான் போகும். துணியும் அங்கே இறங்கியது. சோழமண்டலக் கரையிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மனிதர்களும் அங்கே இறக்கப்பட்டார்கள். 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து நம் முன்னோர்களை ஒப்பந்தக் கூலிகளாக டர்பனில் இறக்கியது 1860 நவம்பர் 16. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்க் கரையின் நீலத் துணி இந்த நாட்டுக்கு வந்துவிட்டது. ஐரோப்பிய நெசவாலைகள் இந்தியத் துணியைப் பார்த்துத்தான் பூ அச்சடிக்கக் கற்றன. அந்தப் போட்டி தாங்காமல் பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை இந்திய அச்சுத்துணியையே தடைசெய்து வைத்திருந்தது. ஆகவே 'ஜெர்மன்' என்ற அடைமொழி துணி கடைசியாக வந்த வழியைச் சொல்கிறது. 'சிஸ்' அது முதலில் கிளம்பிய இடத்தைச் சொல்கிறது. இதைச் சம்பந்தி வீட்டில் சொல்லுங்கள். மருமகள் உடுத்தப்போவது இரண்டு பக்கத்துக்கும் உறவுள்ள துணி.

துணி ஆலைக்குள் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், முத்திரை பார்த்து வாங்க அது தேவைப்படும். செடி அவுரியின் இடத்தை 1897 முதல் ஜெர்மனியின் பாஸ்ஃப் (BASF) கம்பெனி விற்ற செயற்கை நீலம் பிடித்துக்கொண்டது. 1930களில் கஸ்டவ் டாய்ச் என்பவர் ஹங்கேரியிலிருந்து இங்கிலாந்துக்குப் போய் லங்காஷயரில் இந்தத் துணியை அச்சிட்டார். பிறகு அங்கே பல கம்பெனிகள் இதைச் செய்தன. அவற்றில் பெரியது ஸ்ப்ரூஸ். அவர்களுடைய 'மூன்று பூனை' முத்திரைதான் தென்னாப்பிரிக்காவில் பேர் வாங்கியது. 1982ல் கிங் வில்லியம்ஸ் டவுனுக்குப் பக்கத்தில் ஸ்வெலிட்ஷாவில் டா காமா ஆலை இங்கேயே தயாரிக்கத் தொடங்கியது. 1992ல் மூன்று பூனை முத்திரையின் உரிமையையும், பூ வெட்டிய செப்பு உருளைகளையும் வாங்கி இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. 'மூன்று சிறுத்தை', 'டோட்டோ' என்பவையும் அந்த ஆலையின் முத்திரைகளே.

செய்முறை தெரிந்தால் போலியைக் கண்டுபிடிப்பது எளிது. பழைய ஐரோப்பிய முறையில் வெள்ளைத் துணியில் பசையை அச்சடித்து, நீலத்தொட்டியில் முக்குவார்கள். பசை இருந்த இடம் வெள்ளையாக நிற்கும். நம் கரையில் மெழுகு வைத்துச் செய்ததும் இதே உபாயந்தான். ஷ்வெஷ்வெயில் இது தலைகீழ். முதலில் துணி முழுவதும் இரண்டு பக்கமும் சாயம் ஏறிவிடும். பிறகு செப்பு உருளையில் வெட்டிய பூ வழியாக வலுக்குறைந்த அமிலக் கரைசல் படும். பட்ட இடத்தில் சாயம் போய் வெள்ளைப் பூ தெரியும். அந்தப் பூவும் கோடாக இருக்காது. கிட்டப் பார்த்தால் குண்டூசி குத்தியதுபோன்ற புள்ளிகளின் வரிசையாக இருக்கும். அதனால்தான் கண்ணுக்கு அவ்வளவு நுணுக்கமாகத் தெரிகிறது.

கடையில் துணியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இது முதல் சோதனை, இதுவே போதும் என்றும் சொல்லலாம். உண்மைத் துணிக்குப் பின்பக்கமும் அதே ஆழத்தில் நீலமாக இருக்கும். முன்பக்கப் பூ மங்கலாகத் தெரியும். வெள்ளைத் துணியில் நீலத்தை மேலே அச்சடித்த போலிக்குப் பின்பக்கம் வெளுத்திருக்கும். அடுத்து அதே பின்பக்கத்தில் முத்திரை தேடுங்கள். மூன்று பூனையோ மூன்று சிறுத்தையோ இடைவெளி விட்டு விட்டு அச்சாகியிருக்கும். பிறகு அகலம். வழக்கமான அகலம் 90 செ.மீ., நம் கணக்கில் ஒரு கஜம். 110, 115, 150 செ.மீ. என்றால் வேறு துணி என்று சந்தேகப்படலாம். கையில் அட்டை போல விறைப்பாக இருக்க வேண்டும். கப்பலில் நெடுந்தூரம் வரும்போது ஈரம் தாக்காமல் இருக்கப் போட்ட கஞ்சி அது. உள்ளூரில் தயாரிக்கத் தொடங்கிய பிறகும் வாங்குபவர்கள் அந்த விறைப்பையே எதிர்பார்ப்பதால் விடாமல் போடுகிறார்கள். அதற்கென்று ஒரு வாசனையும் உண்டு. பழகிய பெண்கள் மோந்து பார்ப்பார்கள், நாக்கு நுனியில் வைத்தும் பார்ப்பார்கள். யாராவது அப்படிச் செய்தால் வியக்க வேண்டாம், அவர்களைக் கேட்டே வாங்குங்கள். இன்னும் சந்தேகம் என்றால் ஓரத்து நூல் இரண்டை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு சாம்பலாகும்; பாலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகச் சுருளும்.

இரண்டு துணிகளோடு குழம்ப வேண்டாம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வரும் பெரிய பூ, பளிச்சென்ற பல நிறத் துணி மெழுகு அச்சுத் துணி. அதற்குப் பிறப்பிடம் ஜாவா பாத்திக். கோசாக்காரர்கள் 'உம்பாக்கோ' என்று சொல்வது பூவே இல்லாத தடித்த பருத்தித் துணியில் கறுப்பு நாடா வரிவரியாக வைத்துத் தைத்தது. சம்பந்தி அம்மாள் உஜமானி என்று பிரித்துச் சொல்லியிருப்பதால் உம்பாக்கோ வாங்கிப் போய் நிற்கக் கூடாது. நிறம் மட்டும் நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். பழைய நிறங்கள் மூன்று: நீலம், காப்பிப் பழுப்பு, சிவப்பு. இப்போது வேறு நிறங்களும் நிறைய வருகின்றன. எந்த நிறம், எந்த நீளம், தலைக்குக் கட்டும் துணியும் அதே துணியிலா, தோளுக்குப் போர்வை யார் தருவது என்ற நான்கையும் துணி வெட்டும் முன் அவர்களிடமே கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வீடு முறை மாறும். நம்மிடையே தாலிக்கொடியில் மாறுவதுபோல.

இனி தையல். மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் காசு வீணாகிறது.

வாங்கிய துணியை அப்படியே வெட்டக் கூடாது. கஞ்சி ஏறிய பருத்தி தண்ணீர் பட்டதும் சுருங்கும், தளரும். விறைப்பாக இருக்கும்போது அளவு வைத்துத் தைத்த மேல்சட்டை முதல் துவைப்புக்குப் பிறகு மார்பில் இறுகும், பாவாடை கணுக்காலுக்கு மேல் ஏறும். எவ்வளவு சுருங்கும் என்பது துணிக்குத் துணி மாறுவதால் சோதித்துவிடுங்கள்: ஓரத்தில் 30 செ.மீ. சதுரம் வெட்டி, உள்ளே நெடுக்கிலும் குறுக்கிலும் சரியாக 25 செ.மீ. குறியிட்டு, துவைத்து, காயவைத்து, தேய்த்து, மறுபடி அளக்கவும். 24 ஆகியிருந்தால் நூற்றுக்கு 4 போயிற்று. ஒரு மீட்டர் நீளப் பாவாடையில் அது 4 செ.மீ.

முழுத் துணியையும் நனைக்கும்போது குளிர்ந்த தண்ணீர், தனி வாளி. முதல் தண்ணீர் நீலமாகக் கலங்கி, கஞ்சியால் வழவழப்பாக இருக்கும். அதிலேயே இரவெல்லாம் ஊறவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. வெளியே வந்த நீலம் வெள்ளைப் புள்ளிகளில் போய்ப் படிந்து பூவே மங்கிவிடும். அரை மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் தெளியும்வரை நான்கைந்து முறை மாற்ற வேண்டியிருக்கும். உப்புப் போட்டால், வினிகர் விட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். நீலச் சாயத்துக்கு இரண்டாலும் பயனில்லை. நீலம் தண்ணீரில் கரையாத பொருள். தொட்டியில் அதன் தன்மையை மாற்றிக் கரைய வைத்து நூலுக்குள் ஏற்றுகிறார்கள். காற்றுப் பட்டதும் மறுபடி கரையாத நீலமாகி நூலுக்குள் சிக்கிக்கொள்கிறது. நாம் அலசும்போது போவது மேலே ஒட்டிய உதிரித் தூள். அதை அலசித்தான் போக்க வேண்டும். முறுக்கிப் பிழியாமல், அகலவாட்டில் கொடியில் போட்டு, நிழலில், பின்பக்கம் வெளியே தெரிய உலர்த்தவும். லேசான ஈரத்தோடு பின்பக்கத்தில் தேய்த்தால் நூலோட்டம் நேராகும். முறுக்கிக் காயவைத்த துணியில் நெடுக்கு நூல் கோணிவிடும். அதை வெட்டித் தைத்த பாவாடை ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும், பிறகு எவராலும் சரிசெய்ய முடியாது.

'ஜிக்' போன்ற வெளுப்பான் ஒரு சொட்டும் படக் கூடாது. நீலத்தை அது அடியோடு அழித்துவிடும். அந்த இடம் மஞ்சளாக நிற்கும், திரும்ப வராது.

எத்தனை மீட்டர் என்பது பூவின் திசையைப் பொறுத்தது. கடைகளில் இதை யாரும் சொல்வதில்லை. ஆறு பாகம் வைத்த நீளப் பாவாடையை எடுத்துக்கொள்வோம்: இடுப்பு 80 செ.மீ., நீளம் 95, கீழ்ச்சுற்று 300. ஒரு பாகத்துக்குத் தையல் சேர்த்து மேலே ஏறக்குறைய 16, கீழே 53 செ.மீ. வரும். பூ எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுபோல் இருந்தால், ஒரு பாகத்தை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைக்கலாம்; இரண்டும் சேர்ந்து 70 செ.மீ.க்குள் அடங்கும். சுருங்கியபின் துணி அகலம் 86 இருந்தாலும் மிச்சமுள்ள பதினாறில் இடுப்புப் பட்டை கிடைத்துவிடும். மூன்று நீளம் போதும். நீளத்துக்கு 95, கீழ் மடிப்புக்கு 5, தையலுக்கு ஒன்றரை, சுருக்கத்துக்கு 4 என்று கணக்கிட்டால் ஒன்றுக்கு 1.06 மீட்டர், மூன்றுக்கு 3.2 மீட்டர். பூவுக்குத் தலை கால் இருந்தால் தலைகீழாக வைக்க முடியாது; 53ம் 53ம் 90க்குள் அடங்காது. அப்போது ஆறு நீளம், அதாவது 6.4 மீட்டர், ஏறக்குறைய பாதித் துணி வெட்டுத்துண்டாகப் போகும். அந்தப் பூதான் வேண்டும் என்றால் கீழே ஒரு பாகத்தை 40 செ.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள். தையலோடு 43, இரண்டுக்கு 86, சரியாக அகலத்துக்குள் வரும். கீழ்ச்சுற்று 240 ஆகக் குறையும், நடக்க அது தாராளம். ஆனால் பட்டைக்குத் துண்டு மிஞ்சாது, அதற்குக் கால் மீட்டர் கூட்டி வாங்க வேண்டும்.

முழங்கை வரை கையுள்ள மேல்சட்டைக்கு ஒன்றே முக்கால் மீட்டர், தலைத்துணிக்கு ஒரு மீட்டர். மொத்தம் ஆறு மீட்டர். மூன்றையும் ஒரே சுருளிலிருந்து ஒரே நாளில் வாங்குங்கள். அடுத்த சுருளில் நீலத்தின் ஆழம் சற்று மாறும், வெயிலில் சேர்த்து நின்றால் தெரிந்துவிடும்.

துவைத்த துணிக்கு மெஷினில் 80ஆம் எண் ஊசி சரி. அவசரத்தில் கஞ்சியோடு தைப்பதானால் 90 போடுங்கள், இல்லாவிட்டால் தையல் விட்டுவிட்டு விழும். உள்துணி வைத்தால் அதையும், பருத்தி நாடாவையும் முன்கூட்டியே துவைத்திருக்க வேண்டும். மேல்துணி நின்று உள்துணி சுருங்கினால் தையல் நெடுக நெளிந்துபோகும். இந்த உடைக்கு மார்பிலும் கீழ் விளிம்பிலும் வரிவரியாகப் பொடி மடிப்புத் தையல் வைப்பது வழக்கம். அரை செ.மீ. மடிப்பு ஒவ்வொன்றும் ஒரு செ.மீ. துணியைத் தின்னும். கீழே ஐந்து வரி கேட்டால் நீளத்தில் 5 செ.மீ. கூட்டுங்கள். பூக்கட்டத்தை எண்ணி மடித்தால் வரிகள் நேராக வரும். அளவுப் பட்டையை வைத்து மட்டும் மடித்தால் பூ வரிக்கு வரி நகர்ந்து கண்ணை உறுத்தும்.

ஜாக்கெட் தாராளமாகத் தைக்கலாம். 90 செ.மீ. அகலத்தில் குட்டைக் கைக்கு 90 செ.மீ., முழங்கைக் கைக்கு ஒன்றே கால் மீட்டர். நெருக்கமான பூவாக எடுத்தால் டார்ட் (பிடிப்புத் தையல்) விழும் இடத்தில் வெட்டுப்பட்டது தெரியாது. சூரியக் கதிர் போன்ற பெரிய வட்டப் பூ மார்பில் கோணலாக உட்காரும், அதைத் தவிர்க்கவும். இந்தத் துணி இழுபடாது, ஆகவே உடம்போடு ஒட்டிய அளவுக்குப் பழைய ஜாக்கெட்டை அப்படியே மாதிரியாக வைக்காமல், மார்புச் சுற்றில் 2 செ.மீ. கூட்டுங்கள். வெளிர்நிறப் பட்டுச் சேலைக்குப் போடுவதானால் ஒரு சோதனை கட்டாயம். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, துவைத்து முடித்த துணியில் பத்து முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் நீலம் ஏறினால் அக்குள் வியர்வையில் சேலைக்கும் ஏறும். பட்டில் ஏறிய நீலத்தை எடுப்பது பெரும்பாடு. இன்னும் இரண்டு முறை அலசிவிட்டு மறுபடி சோதியுங்கள், அல்லது கருநீலச் சேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண நாளன்று பாவாடை சரசரவென்று நிற்க வேண்டும் என்று கேட்பார்கள். அலசியதில் ஆலைக் கஞ்சி போயிருக்கும். வீட்டுச் சோற்றுக் கஞ்சியை நன்றாக வடிகட்டி, மூன்று பங்கு தண்ணீர் கலந்து, தைத்து முடித்த உடையை முக்கி எடுங்கள். கெட்டிக் கஞ்சி வேண்டாம், கருநீலத்தில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். நிழலில் உலர்த்தி, பின்பக்கத்தில் தேய்த்தால் போதும்.

தையற்காரரிடம் கடைசியாக ஒன்று சொல்லுங்கள். பாவாடையின் முன்பாகத்தை வெட்டும்போது, பின்பக்க முத்திரை ஒன்று முழுதாகக் கீழ் விளிம்புக்குச் சற்று மேலே விழும்படி துணியை நகர்த்தி வைக்க வேண்டும். மடிப்புக்குள் மறைந்துவிடக் கூடாது. மாமியார் பாவாடை ஓரத்தைத் திருப்பிப் பார்த்தால் மூன்று பூனையும் தெரியும்.